தங்கவயல்: கம்பெனி போய் இத்தனை வருடம் ஆகிவிட்டது, லைன்களுக்கு இப்போது யார் பொறுப்பு?

ஊரிகம்_வாசி

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். கோலார் தங்கவயலில் சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளைத்தான் லைன் என்போம். எங்கள் லைன் முனையில் ஒரு பழைய இரும்புக் கம்பம் இருக்கிறது. கம்பெனி காலத்தில் வெள்ளை பெயிண்டில் எழுதிய நம்பர் இன்னும் லேசாகத் தெரிகிறது. விளக்குதான் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மூடி போட்டு, எல்.இ.டி. பல்பு ஒன்று மாட்டியிருக்கிறார். பெங்களூரில் வேலை முடித்து ராத்திரி ரயிலில் வரும் பெண்கள் அந்த வெளிச்சத்தில்தான் வீடு வந்து சேர்கிறார்கள். கரண்ட் பில்லுக்கு வீட்டுக்கு இருபது ரூபாய் போடுகிறார்களாம்.

எங்கெங்கே கேட்டீர்கள் என்று அக்காவிடம் விசாரித்தேன். ஓர் அலுவலகத்தில் "அது மைன்ஸ் கம்பம், நாங்கள் தொட முடியாது" என்றார்களாம். இன்னோர் இடத்தில் "கம்பெனியே மூடியாச்சு, நகரத்தில் போய்க் கேளுங்கள்" என்றார்களாம். மூன்றாவது முறை போக அவருக்கு மனசு வரவில்லை.

1902-லேயே மின்சாரம் வந்த ஊர் நம்முடையது. சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிந்ததே 1905-இல்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பல்புக்காக ஒரு பெண் வாசல் வாசலாக ஏற வேண்டியிருக்கிறது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதுவரை தண்ணீர், விளக்கு, சாக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாமே கம்பெனி. அதற்குப் பிறகு இவை ஒவ்வொன்றும் யார் கைக்குப் போயின? எழுத்தில் எங்காவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாரையும் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

---

டிம்பர்மேன்_ஓய்வு

தம்பி, நல்ல கேள்வி. ஒரு திருத்தம் மட்டும். 1902-இல் வந்த மின்சாரம் மிஷினுக்காக வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களுக்கும் கிளப்புக்கும் போனது. லைனில் இருந்த நம் ஆட்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான், ரொம்ப காலம் வரைக்கும். என் பாட்டி தட்டி வீட்டில் பிள்ளை பெற்றவர். மூங்கில் தட்டி, மேலே தகரம், பத்துக்குப் பத்து. 'குட்டி இங்கிலாந்து' என்று நம் ஊரைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறார்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டிதான் ஞாபகம் வரும்.

வடஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வந்த சனங்கள் நாம். பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தோம். பாறை வெடித்தால் மேலே லைனில் பாத்திரம் ஆடும், பெண்கள் ஷாஃப்ட் (சுரங்கத்தில் இறங்கும் குழி) பக்கம் ஓடுவார்கள். அப்படி உழைத்ததற்கு ஈடாகக் கொஞ்சம் கொஞ்சமாக, சங்கம் வைத்துப் போராடி வாங்கியவைதான் குழாயும் விளக்கும் ஆஸ்பத்திரியும். கம்பெனி தானாகக் கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து நெஞ்சு இரைத்தால் அங்கே போவோம். எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்வார்கள். போன வருட படத்தையும் இந்த வருட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி டாக்டர் பார்ப்பார். சிலிகா தூசி நுரையீரலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அப்படித்தான் தெரியும். மூடிய பிறகு அந்தத் தொடர்ச்சி போய்விட்டது. என்னோடு வேலை செய்தவர்கள் இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மருந்தைவிட அதுதான் பெரிய இழப்பு என்பேன்.

---

காலை_ரயில்

டிம்பர்மேன் ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

என் தலைமுறைக்கு ஊரின் ஒரே சேவை ரயில்தான். மாரிகுப்பத்தில் விடியுமுன் ஏறுவோம். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நின்று நின்று பங்காருபேட்டை வருவதற்குள் உட்கார இடம் இருக்காது. அப்புறம் மாலூர், ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம். போக மணிக்கணக்கு, வர மணிக்கணக்கு. என் எதிரில் உட்காரும் அக்கா ஒரு அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார். முறத்தை மடியில் வைத்து ரயிலிலேயே ராத்திரி சமையலுக்கு பீன்ஸ் நறுக்கிவிடுவார். வீட்டுக்குப் போய் நறுக்கினால் தூங்க நேரமில்லை.

பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை உள்ள இந்த 16 கிலோமீட்டர் பாதையும் 1894-இல் சுரங்கத்துக்காகப் போட்டதுதான். யோசித்துப் பாருங்கள், நமக்குக் கிடைத்த ஒவ்வொன்றும் தங்கத்துக்காக வந்தது. தங்கம் நின்றதும் மற்ற எல்லாம் நின்றன. இந்த ரயில் ஒன்றுதான் ஆட்களுக்காக ஓடுகிறது.

அரசியலைப் பற்றி என் கருத்து: ஊரில் பகலில் ஆளே இல்லை. வார்டு கூட்டத்துக்கு யார் போவது? காலை நாலரைக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவன் எந்த அலுவலகத்தில் எப்போது மனு கொடுப்பான்? கேட்கிற வாய் எல்லாம் ரயிலில் இருக்கிறது.

---

பேட்டை_கடை

நான் ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன், மூன்றாவது தலைமுறை. ஊரிகம்_வாசி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

முதலில் ஊர் எப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டும். ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் கம்பெனி எல்லைக்கு வெளியே கட்டிய பேட்டைகள். இங்கே சானிட்டரி போர்டு, பிறகு நகரசபை. லைன்களும் ஷாஃப்டுகளும் கம்பெனி நிலம். இந்தக் கோடு இன்றைக்கும் அழியவில்லை. தேர்தலுக்கு லைன்கள் வார்டுகளில் சேர்ந்திருக்கின்றன, கவுன்சிலரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வீடு நிற்கும் மண் நகரசபையுடையது அல்ல, குடியிருப்பவருடையதும் அல்ல. 1956-இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்தது, 1962-இல் மத்திய அரசு கைக்குப் போனது, 1972-இல் பி.ஜி.எம்.எல். (பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட்) ஆனது. கம்பெனி மூடினாலும் நிலம் மத்திய அரசின் பிடியில்தான் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது? கர்நாடகத்தில் வீட்டுக்கு 'காத்தா' (நகரசபையின் சொத்துப் பதிவு) இல்லாமல் ஒன்றும் நகராது. காத்தா இருந்தால் வீட்டு வரி கட்டலாம். வரி கட்டிய ரசீது இருந்தால் குழாய் இணைப்பு, சாக்கடை இணைப்பு, பேங்க் லோன் எல்லாம் கேட்கலாம். லைன் வீட்டுக்குக் காத்தா எப்படிப் போடுவார்கள்? சமீபத்தில் அரசு பி-காத்தா கொடுக்கிறது என்று எல்லோரும் ஓடினார்கள். அது தனியார் நிலத்தில் அனுமதி இல்லாமல் கட்டிய வீடுகளுக்கு. அரசு நிலத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது. குடியிருப்பவர் பெயருக்கே வீட்டை மாற்றிக் கொடுங்கள் என்ற கோரிக்கை மூடிய நாளிலிருந்து இருக்கிறது.

வரி வராத வார்டு எப்போதும் பட்ஜெட்டில் கடைசி. இதில் ஒருவர் கெட்டவர் ஒருவர் நல்லவர் என்று இல்லை. எந்தக் கமிஷனர் வந்தாலும் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் பைப் புதைக்கப் பயப்படுவார், ஆடிட்டில் கேள்வி வரும். அந்த அக்காவின் பல்புக்குப் பின்னால் இருக்கிற கதை இதுதான்.

---

சாம்பியன்_மகள்

பேட்டை அண்ணா சொன்னது புரிகிறது. ஆனால் ஆடிட் கேள்விக்குப் பயந்தவர்கள் மலக்குழிக்கு ஏன் பயப்படவில்லை?

லைன்களில் ரொம்ப வருடம் உலர் கழிப்பிடங்கள்தான் (மலத்தைக் கையால் அள்ள வேண்டியவை) இருந்தன. பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில் குழி தோண்டி வைத்தார்கள், குழி நிரம்பினால் ஆள் இறங்கினான். 2011-இல் நம் ஊரில் ஒரே குழியில் மூன்று பேர் இறந்தார்கள். கையால் மலம் அள்ளுவதை 1993-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. அந்த மூன்று பேர் இறந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து, எண்ணி, எழுதி, கோர்ட் வரை கொண்டுபோனார்கள். இறந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை. தாத்தா ஷாஃப்டில் இறங்கினார், பேரன் குழியில் இறங்கினான்.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். என் சின்ன வயதில் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் குழாயில் வரும். சங்கு ஊதுகிற மாதிரி அதற்கும் நேரம் உண்டு. இப்போது டேங்கர். லைனில் குடம் வைக்கும் வரிசைக்கு ஒரு முறை இருக்கிறது. வேலைக்குப் போகிற வீட்டுக் குடம் முன்னால், வயசானவர்கள் குடம் அடுத்து. யார் குடம் என்று தெரிய கழுத்தில் கலர் நூல் கட்டியிருப்போம். எங்கள் வீட்டுக்குப் பச்சை. டேங்கர் எந்த நாள் வரும் என்று மட்டும் யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். அதனால் வாரத்தில் இரண்டு நாள் யாராவது ஒரு பெண் வேலைக்குப் போகாமல் இருப்பாள், லைன் முழுக்க பிடித்து வைப்பாள். அந்த நாள் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆடிக் காற்றில் சயனைடு மலையிலிருந்து (தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மேடு) மாவு மாதிரி பறந்து வரும். குடத்துக்கு ஈரத்துணி போடாவிட்டால் தண்ணீர் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு நிற்கும்.

---

பாலாற்றங்கரை

பேத்தமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். ஏரியின் மேல் கோபப்படாதீர்கள். பாலாறு இங்கே ஆறாக ஓடி எத்தனையோ காலம் ஆகிறது. மழை பெய்த வருடம் ஏரி நிரம்பும், இல்லாவிட்டால் சேறு. கோலார் மாவட்டம் முழுக்க ஆழ்துளைக் கிணறுதான், ஆயிரம் அடிக்கு மேல் போகிறார்கள், ஃபுளோரைடு அதிகம்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? யார்கோள் அணை பல வருடம் இழுத்து 2023 நவம்பரில் திறந்தார்கள். குடிநீர் யாருக்கு? கோலார், மாலூர், பங்காருபேட்டை நகரங்களுக்கும் வழியிலுள்ள சில கிராமங்களுக்கும். தங்கவயல் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊருக்கு ஏரி இருக்கிறது, கம்பெனி இருக்கிறது என்று திட்டம் போட்ட காலத்தில் நினைத்திருக்கலாம். அல்லது யாரும் கேட்கவில்லை. இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

---

டிம்பர்மேன்_ஓய்வு

கேட்கவில்லை என்பது சரிதான், ஆனால் ஏன் கேட்கவில்லை என்று சொல்லவேண்டும்.

நம் தொகுதி ரிசர்வ் தொகுதி. ரிபப்ளிகன் கட்சி ஜெயித்திருக்கிறது, கம்யூனிஸ்ட் ஜெயித்திருக்கிறது. கர்நாடகத்தில் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினரை அனுப்பிய ஊர் இது. பிறகு பா.ஜ.க., பிறகு காங்கிரஸ். நாங்கள் எல்லாருக்கும் போட்டுப் பார்த்துவிட்டோம். ஆனால் 2001-க்குப் பிறகு நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் கேட்ட வார்த்தை ஒன்றுதான்: "மைன்ஸைத் திறப்போம்." நாங்களும் அதற்குத்தான் கை தட்டினோம். நானும் தட்டினேன். 2013-இல் சுப்ரீம் கோர்ட் உலக டெண்டருக்கு வழி விட்டபோது எங்கள் லைனில் வெடி வெடித்தார்கள். 2024-இல் பதின்மூன்று மண் மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்க மாநில அரசு சரி சொன்னது. ஆயிரம் ஏக்கர், மூன்று கோடி டன்னுக்கு மேல் மண். அன்றைக்கும் என் நண்பர்கள் போன் போட்டார்கள்.

நான் இன்னும் நம்பிக்கையை விடவில்லை, தம்பிகளா. ஷாஃப்டுகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது, பழையபடி கீழே இறங்குவது நடக்காது என்று எனக்கும் தெரியும். மேட்டு மண்ணைச் சலிக்க வந்தால்கூட ஊருக்கு நாலு பேர் வருவார்கள் இல்லையா?

---

ஊரிகம்_வாசி

ஐயா, உங்களிடம் வாக்குவாதம் செய்ய எனக்கு வயசு பத்தாது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். மேட்டு மண்ணில் தங்கம் எடுப்பது பெரிய இயந்திரமும் ரசாயனமும் வைத்துச் செய்கிற வேலை. ஷாஃப்ட் காலம் மாதிரி ஆயிரக்கணக்கான ஆட்களை எடுக்காது. மீண்டும் சயனைடு என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று இப்போதே கேட்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. "திறப்போம்" என்ற ஒரு வார்த்தை கால் நூற்றாண்டாக எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்துவிட்டது. குழாய் கேட்டால் "மைன்ஸ் திறந்தால் எல்லாம் வரும்". வீட்டுப் பத்திரம் கேட்டால் "திறக்கும்போது நிலம் வேண்டியிருக்கும், பொறுங்கள்". அந்த வாக்குறுதி உயிரோடு இருக்கும்வரை நிலத்தை நகரசபைக்கு மாற்றும் வேலையை யாரும் தொடமாட்டார்கள். காத்திருந்ததற்கு நாம் கொடுத்த விலை அந்தப் பைப்பும் பல்பும். இதைச் சொல்வதால் உங்கள் நம்பிக்கையைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். நீங்கள் கீழே இறங்கியதால்தான் நான் படித்தேன்.

---

பேட்டை_கடை

இன்னொரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரசபையிலும் ஆள் இருக்கிற காலத்தைவிட இல்லாத காலம்தான் அதிகமாகத் தெரிகிறது. கர்நாடகம் முழுக்க நடந்த கதை இது. 2018-இல் தேர்தல் முடிந்த ஊர்களில்கூட, தலைவர் பதவி எந்தப் பிரிவுக்கு என்ற ரிசர்வேஷன் பட்டியல் கோர்ட்டில் மாட்டிக்கொண்டு, 2020 அக்டோபர் வரை கவுன்சிலர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பாதிக் காலத்துக்கான பட்டியலும் தாமதமாகி 2024 ஆகஸ்டில்தான் வந்தது. நடுவில் அதிகாரி ஆட்சி. ஜெயித்த கவுன்சிலரிடம் போய் நின்றால் "எனக்கே இன்னும் கூட்டம் கூட்டவில்லை" என்பார். பொய் கிடையாது, உண்மையிலேயே கூட்டவில்லை.

அதனால் லைன்காரர்கள் மட்டும் கேட்கத் தெரியாதவர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கேட்கிற இடமே பாதி நாள் பூட்டியிருந்தது.

---

காலை_ரயில்

எல்லோரும் சொல்வது சரி. ஆனால் என் வயதுக்காரர்கள் வேறு மாதிரி முடிவு எடுத்துவிட்டார்கள். பெங்களூர்-சென்னை எக்ஸ்பிரஸ்வே ஓசகோட்டேயிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரை வண்டிகளுக்குத் திறந்துவிட்டது. ரோட்டோரம் லேஅவுட் பலகைகள் முளைத்துவிட்டன. என் நண்பர்கள் நாலு பேர் கே.ஆர்.புரத்திலேயே வாடகைக்குப் போய்விட்டார்கள். லைன் வீட்டில் அப்பா அம்மா மட்டும்.

நானும் போக வேண்டியதுதான். அப்பா வரமாட்டேன் என்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் அது கம்பெனிக்குப் போய்விடும் என்று பயம். கம்பெனியே இல்லை அப்பா என்றால், "அதனால்தான் பயம்" என்கிறார்.

---

பெமல்_குடியிருப்பு

நான் பெமல் நகரில் இருக்கிறேன். பெமல் 1964-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், கனரக இயந்திரம் செய்யும் அதன் தொழிற்சாலை இங்கே இன்னும் ஓடுகிறது. இங்கே தண்ணீரும் விளக்கும் ஒழுங்காக வருகின்றன. அதையும் பங்கு விற்பனை என்று பேச்சு வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. மைன்ஸ் லைனில் நடந்தது நாளை இங்கேயும் நடக்கும். கம்பெனி நன்றாக இருக்கும்போதே பைப்பும் ரோடும் யார் பெயரில் இருக்கின்றன என்று எங்கள் சங்கத்தில் கேட்கப் போகிறேன். இந்த இழையைப் படிக்கும்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

---

சாம்பியன்_மகள்

சரி, பேசியது போதும், ஏதாவது செய்யலாம். காலை_ரயில் தம்பி, நீங்கள்தான் இதற்கு வழி சொல்லியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? கேட்கிற வாய் எல்லாம் ரயிலில் இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் கூட்டத்தை ரயிலில் வைப்போம்.

நான் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பக்கம். கம்பம் எத்தனை, எரிவது எத்தனை. குழாய் எங்கே முடிகிறது. டேங்கர் எந்த நாள் வந்தது. கழிப்பிடம் எந்த மாதிரி. வீட்டில் சிலிகோசிஸ் (சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோய்) ஆள் உண்டா, பழைய எக்ஸ்ரே இருக்கிறதா. ஓட்டு யாருக்கு, மைன்ஸ் திறக்குமா என்பது நோட்டில் கிடையாது. எழுதி முடித்ததும் நகரசபைக்கு ஒரு பிரதி, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி, நிலத்தை வைத்திருக்கிற மத்திய அமைச்சகத்துக்கு ஒரு பிரதி. ஒரே கடிதம், மூன்று பேர் பெயரும் மேலேயே. உங்கள் மூவரில் இது யாருடைய பொறுப்பு, எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்போம். தகவல் உரிமைச் சட்டத்திலும் போடலாம், பத்து ரூபாய்தான்.

---

டிம்பர்மேன்_ஓய்வு

அம்மா, 1987-லிருந்து எடுத்த என் எக்ஸ்ரே எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மூடுகிற சமயத்தில் கையோடு வாங்கி வந்தேன். எங்கள் லைனில் இன்னும் ஆறு பேரிடம் இருக்கும். நான் வாங்கி வைக்கிறேன். கண் சரியில்லை, எழுத யாராவது பேரப்பிள்ளையை அனுப்பு.

---

காலை_ரயில்

ஐயா, நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. எந்த லைன் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

சாம்பியன் அக்கா, நாளைக்கு இன்ஜினிலிருந்து மூன்றாவது பெட்டி. பீன்ஸ் நறுக்குகிற அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவர் லைனில் பதினெட்டுக் கம்பமாம், நாலு எரிகிறதாம். வாயாலேயே சொல்லிவிட்டார், எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

---

ஊரிகம்_வாசி

எங்கள் லைன்: கம்பம் ஏழு. எரிவது ஒன்று, அதுவும் அக்கா வீட்டு மீட்டரில். முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.